மேக்கின் வாயைக் கிளறுவது எப்படி?

பில்ட் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தபடி நகம் கடிப்பவர்களுக்கான கையேடு இது. உங்களை அடையாளம் காண்பது சுலபம். திரையின் இடது ஓரத்தில் சிசி, சிசி, சிசி என்று இரண்டெழுத்து வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு கோப்பின் பெயர். நடுவில் ஒரு ஏஆர், அபூர்வமாக ஒரு எல்டி. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று டீ குடிக்க எழுந்திருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து, ஏதோ ஒரு ஹெடர் கோப்பைக் காணவில்லை என்று கம்பைலர் ஒரு வரி புலம்பும். அடுத்து மூன்று நட்சத்திரம், 'எரர் 1', முடிந்தது. அந்த ஹெடர் உங்கள் கண்ணெதிரே அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது. எங்கெல்லாம் தேடினாய், யார் சொல்லித் தேடினாய் என்று கேட்டால் பதில் வராது. பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகும் பிள்ளையிடம்கூட இதைவிடக் கூடுதலாக விஷயம் வாங்கலாம்.

ஓடிய கட்டளையை யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள். அதை வெளியே கொண்டுவர வேண்டும். அவசரம் வேண்டாம். எதற்கும் ஒரு முறை இருக்கிறது.

முதலில் சடங்குகள்

கட்டளையைப் பார்க்க முயலும் முன் சில காரியங்களைச் செய்தாக வேண்டும். இவற்றால் பலன் கிடையாது. ஆனால் செய்யாவிட்டால், பிறகு உங்களுக்கு உதவ வருகிறவர் இவற்றைத்தான் முதலில் செய்யச் சொல்வார்.

கைப்பேசியை எடுத்து மானிட்டரைச் சற்றுச் சாய்வாகப் படம் பிடிக்கவும். கடைசி வரி மட்டும் விழ வேண்டும். டியூப்லைட்டின் பிரதிபலிப்பு சரியாக எரர் எண்ணின் மேல் விழுந்தால் உத்தமம். குழுவில் போடவும். அதன்பின் உரையாடல் இப்படிப் போகும்:

"ப்ரோ, பில்ட் ஃபெயில் ஆகுது. பாக்கறீங்களா?"

"கிளீன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணிட்டேன் ப்ரோ."

"இன்னொரு தடவ பண்ணுங்க. என் மெஷின்ல ஓடுதே."

இன்னொரு தடவை பண்ணவும். முக்கால் மணி நேரம் கழித்து அதே இடத்தில் அதே எரர் வரும். இப்போதுதான் நீங்கள் 'எல்லாம் முயற்சி பண்ணியாச்சு' என்று சொல்லும் தகுதியைப் பெறுகிறீர்கள். மேலே படிக்கலாம்.

யார் வாயைக் கட்டினார்கள்?

மேக் பிறவி ஊமை அல்ல. 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய இந்தக் கருவி சுபாவத்தில் பெரிய வாயாடி. ஒவ்வொரு கட்டளையையும் திரையில் சொல்லிவிட்டுத்தான் ஓட்டும். (மேக்ஃபைலில் கட்டளை வரிக்கு முன்னால் டேப் இருந்தே ஆக வேண்டும், ஸ்பேஸ் போட்டால் அடம்பிடிக்கும் என்ற கொடுமையும் அவர் கைங்கரியம்தான். அதைத் திருத்தலாம் என்று நினைத்தபோது ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்களாம். அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று விட்டுவிட்டாராம். அன்று அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய இரக்கத்தின் விலையை இன்றுவரை உலகமே கொடுத்துக்கொண்டிருக்கிறது.)

வாயாடியை அடக்க ஒற்றை எழுத்து போதும். கட்டளைக்கு முன்னால் @ போட்டால் மேக் அதைச் சொல்லாமல் ஓட்டும். இதற்கு முதலில் ஒரு நியாயமான காரணம் இருந்தது. 'வேலை முடிந்தது' என்று திரையில் எழுதச் சொல்லும் எக்கோ கட்டளையை மேக் வழக்கம்போல முன்கூட்டிச் சொன்னால், ஒரே செய்தி இரண்டு முறை வரும். அதைத் தவிர்க்க வந்த குறி இது. டாஸ் உலகத்தில் 1987-இல் வந்த எம்எஸ்-டாஸ் 3.3-உம் பேட்ச் கோப்புகளுக்கு இதே குறியைக் கொடுத்தது. அதிலிருந்து உலகத்தின் எல்லா பேட்ச் கோப்பும் '@எக்கோ ஆஃப்' என்றுதான் பிள்ளையார் சுழி போடுகிறது.

பிறகு வந்தவர்கள் எல்லா வரியிலும் @ போட ஆரம்பித்தார்கள். போட்டுவிட்டு, அதே இடத்தில் தங்கள் கைப்பட ஒரு எக்கோ: 'கம்பைல் ஆகிறது...' மூன்று புள்ளிகளோடு. உண்மையான கட்டளையை மறைத்துவிட்டு அதைப் பற்றி ஒரு சொற்பொழிவு.

லினக்ஸ் கெர்னல் இதை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டது. அதன் மேக்ஃபைலில் க்யூ என்று ஒரே எழுத்தில் ஒரு வேரியபிள் உண்டு. சாதாரணமாக அதற்குள் @ உட்கார்ந்திருக்கும். கட்டளை வரிகள் அந்த க்யூவோடு தொடங்கும். நீங்கள் சரியான வார்த்தையைச் சொன்னால் க்யூ காலியாகும், @ மறையும், கட்டளை தெரியும். 2009-இல் ஆட்டோமேக் 1.11-உம் இதே பாணியில் 'மௌன விதிகள்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்பின் ஊரெங்கும் சிசி, சிசிதான்.

மௌனத்துக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இது வெறும் அழகுக்காகச் செய்ததில்லை. ஒரு கோப்புக்கு ஒரு கட்டளை, ஒரு கட்டளைக்குத் திரையில் பத்துப் பதினைந்து வரி என்று கொட்டினால், அதற்கு நடுவில் கம்பைலர் போடும் எச்சரிக்கையை யார் பார்ப்பார்கள்? எல்லாவற்றையும் அடக்கினால் எச்சரிக்கை மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். தினமும் கெர்னலைப் பில்ட் செய்கிறவருக்கு இது வரம். அவருக்குக் கட்டளை மனப்பாடம். முதல் தடவை பில்ட் செய்கிறவருக்குத்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. சிக்கல் என்னவென்றால், மேக்ஃபைல் எழுதுகிறவர் முதல் வகை. மாட்டிக்கொண்டு முழிப்பவர் இரண்டாம் வகை.

மந்திரச் சொல்

கெர்னலுக்கும் ஆட்டோமேக்குக்கும் மந்திரம் வி=1. மேக் என்று அடித்து, இடைவெளி விட்டு, வி=1 என்று அடிக்கவும். கெர்னலில் வி=2 என்றால் கட்டளைக்குப் பதிலாக, இந்தக் கோப்பை மறுபடி ஏன் பில்ட் செய்கிறேன் என்று காரணம் சொல்லும். ஒரு வரியை மாற்றியதற்கு முக்கால்வாசி கெர்னல் ஏன் மறுபடி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் அதுதான் வழி.

இங்கே அச்சு மரபை முன்னிட்டுத் தமிழில் இருக்கும் 'வி', விசைப்பலகையில் ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் அடித்தால் பலிக்காது. பலிக்கவில்லை என்று மேக் சொல்லவும் சொல்லாது. கட்டளை வரியில் சமக்குறியோடு எதைக் கொடுத்தாலும் அது ஒரு வேரியபிள் என்று மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்ளும். அதை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. எழுத்துப்பிழையோடு கொடுங்கள், வாங்கிக்கொள்ளும். உண்மையிலேயே தமிழ் எழுத்தில் வி=1 என்று கொடுத்தாலும் குனூ மேக் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, பழையபடி சிசி, சிசி என்று போய்க்கொண்டிருக்கும். தமிழுக்கு இவ்வளவு பண்போடு இடம் கொடுத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது எங்கோ பார்த்த மாதிரி இருந்தால், அது தற்செயலே.

சிமேக் வளர்த்த மேக்ஃபைல் என்றால் வி=1 செல்லாது; வெர்போஸ்=1 என்று முழுதாகச் சொல்ல வேண்டும். இதில் ஒரு ரசமான உள்வேலை உண்டு. மேக்கில் '.சைலன்ட்' என்று ஒரு சிறப்புப் பெயர் இருக்கிறது. அதை எழுதி வைத்தால் எல்லாக் கட்டளையும் ஊமையாகிவிடும். சிமேக் அந்தப் பெயருக்கு முன்னால் வெர்போஸ் என்ற வேரியபிளை ஒட்டி வைக்கிறது. நீங்கள் ஒன்றும் கொடுக்காவிட்டால் வேரியபிள் காலி, மிஞ்சுவது '.சைலன்ட்', மௌனம். 1 கொடுத்தால் அது '1.சைலன்ட்' என்று ஆகிவிடும். அப்படி ஒரு சிறப்புப் பெயர் கிடையாது, ஆகவே மௌனம் கலையும். இதன்படி வெர்போஸ்=0 என்று கொடுத்தால்? '0.சைலன்ட்'. அப்போதும் பேசும். 'வேண்டாம்' என்று கொடுத்தாலும் பேசும். இந்தத் தந்திரத்தை எழுதியவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அதே சமயம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க விரும்பவில்லை. 2019-இல் வந்த சிமேக் 3.14-க்குப் பிறகு, சிமேக்கையே பில்ட் போடச் சொல்லி --வெர்போஸ் என்று கொடுத்தாலும் போதும்.

மற்றவர்களிடம் பழகும்போது ஜாக்கிரதை. நின்ஜாவிடம் (இங்கே சின்ன எழுத்து) '-வி' என்றால் கட்டளையைக் காட்டும். அதே '-வி'யை மேக்கிடம் கொடுத்தால் தன் பதிப்பு எண்ணைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடாமல் போய்விடும். கோ மொழியின் பில்டிடம் '-வி' என்றால் பொட்டலங்களின் பெயரை மட்டும் ஒப்பிக்கும். கட்டளை வேண்டுமானால் '-எக்ஸ்'. ரஸ்ட்டின் கார்கோவிடம் ஒரு 'வி' போட்டால் கட்டளை. பில்ட் ஸ்கிரிப்ட் உளறியதும் வேண்டுமானால் இரண்டு 'வி'. உச்சம் '-எஸ்'தான். மேக்கிடம் '-எஸ்' என்றால் 'வாயை மூடு'. பேசலிடம் '-எஸ்' என்றால் 'ஓட்டுகிற கட்டளையெல்லாம் சொல்லு'. இரண்டையும் ஒரே நாளில் தொடுகிற வேலை உங்களுக்கு வாய்த்திருந்தால், இந்தப் பத்தியைக் கத்தரித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளவும்.

ஓட்டாமலே கட்டளையை மட்டும் பார்க்க வேண்டுமா? மேக்கிடம் '-என்' கொடுக்கவும். @ போட்ட வரிகளையும் காட்டும். 'சும்மா பார்க்கத்தானே' என்று தைரியமாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: + குறியோடு தொடங்கும் வரிகளும், மேக்கையே மறுபடி அழைக்கும் வரிகளும் '-என்' கொடுத்தாலும் நிஜமாகவே ஓடும். அந்த வரியில் ஆர்எம் இருந்தால் அதுவும் சேர்ந்து ஓடும். இதற்கு ஒத்திகை என்று பெயர்.

2013-இல் வந்த குனூ மேக் 4.0-இல் --ட்ரேஸ் என்று ஒன்று சேர்ந்தது. எவ்வளவு @ போட்டு மறைத்திருந்தாலும், எந்த மேக்ஃபைலில் எத்தனையாவது வரி எதற்காக இதை ஓட்டுகிறது என்பதுவரை கக்கிவிடும். யாரிடமும் மந்திரம் கேட்க வேண்டியதில்லை. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் மட்டும் மன்னிக்கவும். ஆப்பிள் தன் கருவிகளோடு தருவது 2006-ஆம் ஆண்டின் 3.81, மேக்கில் இருக்கும் மேக்குக்கு --ட்ரேஸ் தெரியாது.

வெள்ளம் வந்த பிறகு

மந்திரம் பலித்துவிட்டது. இப்போது திரையில் கட்டளைகள் அருவியாகக் கொட்டுகின்றன. ஒன்றையும் படிக்க முடியவில்லை. கேட்டது கிடைத்தால் இதுதான் கதி. கோப்பில் பிடித்துக்கொள்ளவும். அதிலும் வரிசை முக்கியம்: முதலில் > போட்டுக் கோப்பின் பெயர், அதன்பிறகுதான் 2>&1. மாற்றிப் போட்டால் கட்டளைகளெல்லாம் கோப்புக்குள் போகும். நீங்கள் தேடும் எரர் மட்டும் திரையில் ஓடி மறையும்.

பில்டை ஒற்றை ஆளாக ஓட்டவும், அதாவது -ஜே1. எட்டு வேலை ஒரே நேரத்தில் ஓடினால், ஒன்று செத்து விழுந்தாலும் மற்ற ஏழும் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அவை பேசிய பேச்செல்லாம் உங்கள் எரருக்குக் கீழே குவிந்திருக்கும்.

பிறகு லாக்கைத் திறந்து 'எரர்' என்று தேடவும். ஆயிரக்கணக்கான இடங்களில் கிடைக்கும். மனம் தளர வேண்டாம். '-டபிள்யூஎரர்' என்று ஒரு ஃபிளாக் இருக்கிறது, எச்சரிக்கையை எரராகக் கருது என்று கம்பைலருக்குச் சொல்வது. அது ஒவ்வொரு கட்டளையிலும் இருக்கும், சில கட்டளைகளில் நாலைந்து முறை. இது போதாதென்று புராஜெக்டில் யாராவது எரர் என்ற பெயரிலேயே ஒரு கோப்பு வைத்திருப்பார்கள். மறைந்திருந்ததை வெளியே கொண்டுவந்ததால், எல்லாவற்றுக்கும் நடுவே அது மறுபடி மறைந்துவிட்டது. ஆகவே எரர் என்று தேடாமல் மூன்று நட்சத்திரத்தைத் தேடவும், அதிலும் முதலாவதை. கடைசியில் இருக்கும் 'எரர் 2'வைக் கண்டு ஏமாற வேண்டாம். உள்ளே ஓடிய மேக் தோற்றுப்போனதை வெளியே இருக்கும் மேக் அறிவிக்கும் இரங்கல் செய்தி அது. 127 என்று இருந்தால், அந்தக் கட்டளையே கணினியில் இல்லை என்று பொருள். கம்பைலரை யாரோ 'கில்' செய்தார்கள் என்று இருந்தால், உங்கள் புரோகிராமில் பிழை தேடாமல் மெமரி போதுமா என்று பாருங்கள்.

முதல் நட்சத்திரத்துக்கு மேலே கொஞ்சம் நகர்ந்தால், தோற்ற கட்டளை இருக்கிறது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்; இத்தனை பாடும் இதற்காகத்தான்.

பின்னாலிருந்து படிக்கவும். கடைசியில் '-சி', பக்கத்தில் மூலக் கோப்பு. '-ஓ', பக்கத்தில் உருவாக வேண்டிய கோப்பு. நடுவில் '-டபிள்யூ', '-எஃப்' என்று ஆரம்பிக்கிற பெரும்படையைத் தாண்டிவிடுங்கள். அவை குற்றவாளிகளாக இருப்பது குறைவு. '-ஐ' என்று ஆரம்பிப்பவைதான் நமக்கு வேண்டும். ஹெடரை எங்கெல்லாம் தேட வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் முகவரிகள் அவை. ஒவ்வொன்றாகப் பாருங்கள். அநேகமாக நடுவில் ஒன்று இப்படி இருக்கும்: '-ஐ/இன்க்ளூட்'.

சாய்கோட்டில் ஆரம்பிக்கிறது. அதாவது டிஸ்க்கின் வேரிலேயே இன்க்ளூட் என்று ஒரு டைரக்டரி. அப்படி ஒன்று உங்கள் கணினியில் கிடையாது. யார் கணினியிலும் இருக்காது. மேக்ஃபைலைத் திறந்தால் விஷயம் புரியும். அங்கே அந்த இடத்தில் 'எஸ்டிகே_ரூட்' என்று ஒரு வேரியபிள், அதன் பின்னால் '/இன்க்ளூட்'. அந்த வேரியபிளுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டிய ஸ்கிரிப்டை நீங்கள் ஓட்டவில்லை. மதிப்பில்லாத வேரியபிளை மேக் வெற்றிடமாக வைத்துக்கொண்டு போய்விடும், கேள்வி கேட்காது. இல்லாத டைரக்டரியை '-ஐ' என்று கொடுத்தால் கம்பைலரும் கேள்வி கேட்காது. 'இல்லாத டைரக்டரி, விட்டுவிட்டேன்' என்ற உண்மையை அது '-வி' கொடுத்தால்தான் சொல்லும். இரண்டு கருவிகள் பெருந்தன்மையாக நடந்துகொண்டதில் உங்களுக்கு ஒரு நாள் போயிற்று. குழுவில் 'என் மெஷின்ல ஓடுதே' என்றவரின் கணினியில் அந்த வேரியபிள் எப்போதோ போட்டு வைத்து அவரே மறந்துபோனது. மேக்கிடம் --வார்ன்-அன்டிஃபைன்ட்-வேரியபிள்ஸ் என்று ஒரு ஃபிளாக் உண்டு; பெயரில் உள்ளதைச் செய்யும்.

இன்னொரு சௌகரியமும் கிடைத்திருக்கிறது. கட்டளை கையில் இருப்பதால், முழு பில்டை ஓட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைப் பிரதியெடுத்து ஓட்டினால் இரண்டு விநாடியில் விடை தெரியும். ஆனால் எந்த டைரக்டரியில் நின்று ஓட்டுவது? லாக்கில் மேலே போய், 'என்டரிங் டைரக்டரி' என்று மேக் கடைசியாகச் சொன்ன இடத்தைப் பிடிக்கவும். வேறு இடத்தில் நின்று ஓட்டினால் புதிதாக வேறொரு எரர் கிடைக்கும். அதைப் படம் பிடித்துக் குழுவில் போட வேண்டாம்.

இன்னும் கமுக்கமாக இருப்பவர்கள்

வி=1 கேட்டும் வாய் திறக்காதவர்கள் உண்டு. ஜிசிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கம்பைலர் என்று நினைத்துக்கொண்டிருப்பது ஒரு மேஸ்திரி மட்டும்தான். அது உள்ளே சிசி1 என்ற நிஜக் கம்பைலரையும், பிறகு அசெம்ப்ளரையும், கடைசியில் கலெக்ட்2 வழியாக லிங்கரையும் கூப்பிடுகிறது. லிங்க் ஆகும்போது உதைத்தால் அவர்களை விசாரிக்க வேண்டும்: -### கொடுத்தால், எதையும் ஓட்டாமல் அத்தனை பேரின் கட்டளையையும் எழுதிக் கொடுத்துவிடும்.

கெர்னல் ஆட்களுக்கு லாக்கூட வேண்டாம். மெயின்.ஓ என்ற கோப்பு உருவானால், அதே டைரக்டரியில் புள்ளியில் தொடங்கி .சிஎம்டியில் முடியும் பெயரோடு ஒரு மறைகோப்பும் உருவாகியிருக்கும். எந்தக் கட்டளையால் அது உருவானது என்று அதற்குள் முழுதாக இருக்கும். ஆண்ட்ராய்டில் முன்பு மேக்கோடு ஷோகமாண்ட்ஸ் என்று சேர்த்து அடித்தார்கள். இப்போது அதற்கும் அவசியமில்லை, அவுட் டைரக்டரியில் வெர்போஸ்.லாக் என்ற பெயரில் சுருக்கிய கோப்பாக எல்லாக் கட்டளையும் தானாகவே சேர்ந்திருக்கும். கேட்காமலே குறித்துவைக்கும் இந்தப் பழக்கம் எல்லாக் கருவிக்கும் வந்தால் இந்தக் கையேட்டுக்கு வேலை இருக்காது.

மேக் ஒரு ஷெல் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டு ஒதுங்கிக்கொள்ளும் இடங்களில் வி=1 ஸ்கிரிப்டின் வாசல்வரைதான் வரும். ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -எக்ஸ்' என்று ஒரு வரி எழுதினால், ஒவ்வொரு கட்டளையையும் + போட்டு ஒப்பிக்கும். பாஷ் என்றால், பிஎஸ்4 என்ற வேரியபிளில் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சேர்த்துக்கொண்டால், எந்த ஸ்கிரிப்டின் எந்த வரி என்றும் தெரியும். ஒரு ஸ்கிரிப்ட் இன்னொன்றை இழுத்துவரும் குடும்பங்களில் இது இல்லாமல் வேலைக்கு ஆகாது. ஸ்கிரிப்டைத் தொடவே கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால், மேக்குக்கு ஷெல்='எஸ்எச் -எக்ஸ்' என்று கொடுத்துப் பாருங்கள்; மேக்ஃபைல் வரிகளாவது வாய் திறக்கும்.

கட்டளையின் வாலில் 2>/டெவ்/நல் போட்டு, அதற்கும் பின்னால் 'அல்லது ட்ரூ' என்று இரண்டு செங்குத்துக் கோட்டோடு எழுதியிருந்தால் மட்டும் விஷயம் வேறு. கட்டளையோடு அதன் தோல்வியையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது இந்த வரியைப் பார்த்துச் சொன்னதுதான். இதை எழுதியவர் இன்னும் கம்பெனியில் இருந்தால் காபி வாங்கிக் கொடுத்து விசாரிக்கவும். போய்விட்டிருந்தால், லினக்ஸில் எஸ்ட்ரேஸ் இருக்கிறது. -எஃப் போட்டு எக்ஸெக்விஇ அழைப்பை மட்டும் கவனி என்று சொன்னால், எத்தனை அடுக்குக்குக் கீழே எந்தப் புரோகிராம் பிறந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். எந்த @-உம் அதன் முன்னால் செல்லாது. மெதுவாக ஓடும், பொறுத்துக்கொள்ளவும்.

இத்தனை பாடு எதற்கு, பில்ட் ஓடினால் சரிதானே என்பவர்களுக்கு

பில்ட் பச்சையாக முடிந்த பின்னும் கட்டளையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். டெபியன் தன் கொள்கை ஆவணத்திலேயே, பொட்டலத்தின் பில்ட் இயன்றவரை விளக்கமாகப் பேச வேண்டும், அடக்கமாகப் பேசு என்று தனியாகக் கேட்டால் மட்டும் அடங்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. பிஎல்எச்சி என்ற கருவி அந்த லாக்குகளைப் படித்து, பாதுகாப்புக்காகக் கம்பைலருக்குக் கொடுக்க வேண்டிய ஃபிளாக்குகள் ஒவ்வொரு கட்டளையிலும் இருந்தனவா என்று சரிபார்க்கும். லாக்கில் சிசி, சிசி என்று மட்டும் இருந்தால் அதுவே குறையாகப் பதிவாகும்.

எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் விவகாரம் ஞாபகம் இருக்கும். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்தினார்: எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கொல்லைக்கதவு வைத்திருக்கிறார்கள். வைத்த இடம் பில்ட் ஸ்கிரிப்ட். வெளியீட்டு டார்பாலில் மட்டும் ஒரு எம்4 கோப்பில் சில வரிகள் கூடுதலாக இருந்தன. கிட் களஞ்சியத்தில் அவை இல்லை. கான்ஃபிகர் ஓடும்போது அந்த வரிகள், சோதனைக்காக வைத்த கெட்டுப்போன சுருக்கக் கோப்பு என்ற பெயரில் கிடந்த ஒன்றைத் திறந்து, எழுத்துகளை இடம் மாற்றி, விரித்து, கிடைத்த ஸ்கிரிப்டை ஷெல்லிடம் கொடுத்தன. அது டெபியன் அல்லது ஆர்பிஎம் பொட்டலமாகத்தான் பில்ட் ஆகிறதா என்றுகூடப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாத காரியம் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். சோறு கான்ஃபிகர் ஸ்கிரிப்டின் அளவுக்கு இருந்தால் முடியும். முதல் கட்டம் மேக் தொடங்கும் முன்பே நடந்துவிட்டதால் வி=1-க்கு அங்கே அதிகாரமே இல்லை. ஃப்ராய்ண்ட் பிடித்ததும் லாக்கைப் படித்து அல்ல. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் துருவி. அரை விநாடிக்குச் சந்தேகப்படுகிற அந்தக் குணம் எந்த ஃபிளாக்கிலும் வராது.

அளவுக்கு மிஞ்சிப் பேசினால்

வாயைக் கிளறத் தெரிந்தால் போதாது. என்ன கொட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 'செட் -எக்ஸ்' வேரியபிள்களின் மதிப்பைப் போட்டு விரித்துத்தான் ஒப்பிக்கும். ஸ்கிரிப்டில் கர்ல் கட்டளைக்கு டோக்கன் கொடுத்திருந்தால், டோக்கன் எழுத்துப் பிசகாமல் லாக்கில் ஏறும். ஜென்கின்ஸில் ஷெல் படி என்றால் நீங்கள் கேட்காமலே -எக்ஸ் போட்டுத்தான் ஓடும். தான் அறிந்த ரகசியங்களை நட்சத்திரம் போட்டு மறைக்கும், ஆனால் நீங்கள் ஸ்கிரிப்டிலேயே நேரடியாக எழுதி வைத்தது அதற்கு எப்படித் தெரியும்? கிட்லாப்பில் சிஐ_டீபக்_ட்ரேஸ் என்பதை இயக்கினால் அந்த வேலைக்குக் கொடுத்த ரகசியங்கள் உட்பட எல்லாம் லாக்கில் தெரியும் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

ஆகவே உதவி கேட்டு லாக்கை யாருக்காவது அனுப்பும் முன் டோக்கன், பாஸ்வேர்டு, கீ என்று தேடிப் பார்க்கவும். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், பதிவை அழிக்க ஓட வேண்டாம். டோக்கனை ரத்து செய்ய ஓடவும். அழிப்பது அப்புறம். புது டோக்கன் வாங்கி ஸ்கிரிப்டில் வைக்கும்போது, தலையில் அந்த 'செட் -எக்ஸ்' இன்னும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளவும். இருக்கும்.